முன்கழுத்துக் கழலை: முடிவு யாருடையது?



பெங்களூரு மாநகரின் கிழக்குப் பகுதியில், அல்சூர் ஏரிக்கு வடக்கே அமைந்திருக்கும் குடியிருப்பு காக்ஸ் டவுன். 1898-ஆம் ஆண்டில் இந்நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், நெருக்கடி மிகுந்த தெருக்களிலிருந்து மக்களை அகற்றிக் காற்றோட்டமான இடங்களில் குடியேற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பழைய இராணுவக் குடியிருப்பைச் சுற்றிப் புதிய பேட்டைகள் தோன்றின. இப்பகுதி 1949-இல் பெங்களூரு நகராட்சியோடு இணைக்கப்பட்டது. சென்னைப் படைப் பிரிவுகளைத் தொடர்ந்தும், பிழைப்பை நாடியும் வந்து சேர்ந்த தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்கின்றனர். பிணியின் காரணமாக நகர அமைப்பே மாறிய இப்பகுதியிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவது பொருத்தமே.

காக்ஸ் டவுன் சந்தையில் காய்கறி விற்கும் ஒரு பெண்மணியை எண்ணிப் பார்ப்போம். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். பலருடைய நிலையை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட ஓர் உருவம். சிக்கமகளூர் மாவட்டக் காப்பித் தோட்டம் ஒன்றில் கூலி வேலை செய்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருமணமாகிப் பெங்களூருக்கு வந்தவர். இன்று வயது ஐம்பத்தைந்தைக் கடந்தவர். பன்னிரண்டாவது வயதிலேயே அவருடைய கழுத்தின் முன்புறத்தில் சிறு வீக்கம் தோன்றிற்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களின் கண்ணில் படாதிருக்கத் தாயார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திவிட்டார். அன்று தொடங்கிய அப்பழக்கம் நாற்பது ஆண்டுகளாக நிற்கவில்லை. வீக்கமும் நிற்கவில்லை. அது மெல்ல வளர்ந்து, இன்று எலுமிச்சம்பழ அளவையும் கடந்துவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு இறுகுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று மகன் வற்புறுத்துகிறார். கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போய்விடும் என்று தமக்கையார் தடுக்கிறார். விலையைக் கூவி விற்பவருக்குக் குரலே முதல். அவர் என்ன செய்ய வேண்டும்?

இவ்வினாவிற்கு விடை காண, நோயின் வரலாற்றையும் நாடு அதனை எதிர்த்து எடுத்த முயற்சியையும், மருத்துவம் இன்று அளிக்கும் வழிகளையும் ஒருங்கே அறிந்துகொள்வது அவசியமாகும்.

மலைநாட்டு நோயா?

முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியபடி வண்ணத்துப் பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, வளர்ச்சி, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய அனைத்தையும் நெறிப்படுத்தும் ஹார்மோனை இது சுரக்கிறது. அந்த ஹார்மோனை உருவாக்க அயோடின் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோ கிராம். கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோ கிராம். ஒருவரின் ஆயுள் முழுவதற்குமான தேவையைச் சேர்த்தாலும் அது ஒரு தேக்கரண்டியை நிரப்பாது.

இச்சிற்றளவும் கிடைக்காதபோது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் தூண்டு நீரை மிகுதியாக அனுப்புகிறது. அத்தூண்டுதலால் தைராய்டு பருக்கிறது. கிடைக்கும் சிறிதளவு அயோடினையும் பிடித்து வைத்துக்கொள்ள உடல் மேற்கொள்ளும் முயற்சியே கழலை. எனவே, தொடக்க நிலையில் கழலையைச் சுரப்பியின் தவறாகக் கருதுவதற்கில்லை. பற்றாக்குறையைச் சமாளிக்க அது படும் பாடு என்றே கொள்ள வேண்டும்.

பெருமழையும் வெள்ளமும் பனியாறுகளும் மண்ணின் மேற்பரப்பிலிருந்து அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் காயிலும் அயோடின் இருப்பதில்லை. இமயமலை அடிவாரம் உலகின் பெரும் கழலைப் பகுதிகளுள் ஒன்றாக இருந்ததற்கு இதுவே காரணம். எனினும் இது இமயத்தோடு நின்றுவிட்ட நோயன்று. மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் இது காணப்பட்டது. சிக்கமகளூர் அதற்கோர் எடுத்துக்காட்டு.

இந்நோய் பற்றிய ஆய்வில் தென்னாட்டிற்கும் ஓர் உறவு உண்டு. வடமேற்கு எல்லையில் கில்கிட் பகுதியில் கழலையை ஆராய்ந்த இராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், அசுத்தமான நீரைத் தாமே அருந்திச் சோதனை செய்தவர். அவர் பின்னர் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-இல் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

காங்ரா பள்ளத்தாக்கின் பாடம்

கழலைக்கும் அயோடினுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சு வேதியியலார் 1811-இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டார். ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே 1820-இல் அதனைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். 1895-இல் பவுமான் என்ற ஜெர்மானிய அறிஞர் தைராய்டு சுரப்பியிலேயே அயோடின் உள்ளதை மெய்ப்பித்தார். 1920-களில் சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் உப்பில் அயோடின் கலந்து மக்களுக்கு வழங்கத் தொடங்கின.

நம் நாட்டின் சூழலில் இது பயன் தருமா என்ற ஐயத்தைத் தீர்த்தது காங்ரா பள்ளத்தாக்கு ஆய்வு. வெ. இராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் 1956-இல் இதனைத் தொடங்கினர். ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதி மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இரு வட்டாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பள்ளிச் சிறுவர்களிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு உண்டவர்களிடம் அத்தகைய குறைவு இல்லை. மூன்றாம் வட்டாரத்திற்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்ட பின்னர் அங்கும் நோய் தணிந்தது. உப்பைத் தவிர வேறெதையும் மாற்றாமல் பெற்ற இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது.

இதன் பயனாக, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில், 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் நோய் மிகுந்த மாவட்டங்களுக்கு மட்டுமே அயோடின் உப்பு அனுப்பப்பட்டது. நாடு முழுவதற்கும் இவ்வுப்பையே வழங்குவது என்ற கொள்கை 1980-களில் ஏற்கப்பட்டு, 1986 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கழலை மட்டுமன்றிக் கருச்சிதைவு, செவிட்டுத்தன்மை, மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் அயோடின் குறைவால் நேரும் என்பது தெளிவானதால், 1992-இல் இத்திட்டம் தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் தடுப்புத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கு விற்பதற்கு நாடெங்கும் விதிக்கப்பட்ட தடை 2000-இல் நீக்கப்பட்டு, 2006 மே மாதத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆலையில் ஒரு கிலோ உப்பிற்கு 30 மில்லி கிராம், வீட்டை அடையும்போது குறைந்தது 15 மில்லி கிராம் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது வகுக்கப்பட்ட அளவு.

உப்பால் இயலாதது

காக்ஸ் டவுன் பெண்மணியின் இளமைக்கால மலைத்தோட்டத்தில் இந்த உப்பு இல்லை. அது நாடு முழுவதற்குமான கொள்கையாக மலர்ந்தபோது அவர் பருவம் எய்திவிட்டார், கழலையும் நிலைபெற்றுவிட்டது. இன்று அவர் சமையலறையில் அயோடின் உப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் வீக்கம் ஏன் வற்றவில்லை என்று அவர் கேட்பது நியாயமே.

இளம் வயதில் தோன்றும் மென்மையான கழலை அயோடின் கிடைத்தால் சுருங்கக்கூடும். பல்லாண்டுகள் கடந்த கழலையின் நிலை வேறு. நெடுங்காலத் தூண்டுதலால் சுரப்பியின் சில பகுதிகள் முடிச்சுகளாகத் திரண்டு, சில இறுகி, சிலவற்றுள் நீர் கோத்துக்கொள்கின்றன. இப்பன்முடிச்சுக் கழலை உப்பினால் கரைவதில்லை. அதிலுள்ள சில முடிச்சுகள் எவ்விதத் தூண்டுதலுக்கும் கட்டுப்படாமல் தாமே சுரக்கத் தொடங்கவும் கூடும். அத்தகையோர் அயோடின் மாத்திரைகளையோ கடற்பாசிச் சூரணங்களையோ தாமாகவே விழுங்கினால் சுரப்பு மிகைப்பட்டு, படபடப்பும் எடைக்குறைவும் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும் நேரக்கூடும். சமையல் உப்பு வேறு, மருந்தளவு அயோடின் வேறு என்பதை மக்கள் உணர்தல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இன்று நகரங்களில் காணும் கழலைகள் எல்லாம் அயோடின் குறைவால் வருவன அல்ல. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குவதால் வரும் வீக்கத்தை 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சுரப்பு மிகைப்படும் கிரேவ்ஸ் நோயிலும் கழுத்து வீங்கும். அரிதாகப் புற்றுநோயும் முடிச்சாகவே தோன்றும். கழலை என்பது ஓர் அடையாளம் மட்டுமே. அதன் பின்னால் உள்ள நோய் யாது என்று தெரியாமல் மருந்தையோ கத்தியையோ பற்றி முடிவு செய்தல் இயலாது.

முதலில் அறிய வேண்டியவை

முடிவுக்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். சுரப்பு சரியாக இருக்கிறதா? முடிச்சில் புற்றுநோய் இருக்கிறதா? வீக்கம் அண்டை உறுப்புகளை நெருக்குகிறதா?

முதற் கேள்விக்கு இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைச் சோதித்தல் விடை தரும். அது மிகுந்திருந்தால் சுரப்பு குறைவு. குறைந்திருந்தால் சுரப்பு மிகை. கழலை பெரிதாக இருந்தும் சுரப்பு முற்றிலும் சரியாக இருக்கலாம். கழுத்தில் ஒன்றும் தென்படாமலே சுரப்பு கெட்டிருக்கவும் கூடும்.

இரண்டாவது கேள்விக்கு அல்ட்ரா சவுண்ட் படமும் ஊசிச் சோதனையும் உதவுகின்றன. முடிச்சின் அளவு, விளிம்பு, உள்ளே சுண்ணாம்புத் துகள்கள் உண்டா என்பவற்றைப் படம் காட்டும். ஐயத்திற்குரிய முடிச்சில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, சில உயிரணுக்களை எடுத்து உருப்பெருக்கியில் ஆராய்வர். இரத்தம் எடுப்பதைவிடச் சற்றே கூடுதலான நோவு. சில நிமிட வேலை. ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்னும் அச்சம் மக்களிடையே பெரிதும் உண்டு. அவ்வச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவோர், தேவையான அறுவை சிகிச்சையைத் தவறவிடுகின்றனர். அன்றித் தேவையற்ற ஒன்றைச் செய்துகொள்கின்றனர். சோதனை முடிவு இன்று உலகெங்கும் ஆறு வகைகளாகப் பிரித்து எழுதப்படுகிறது. நோயாளி தம் முடிவு எவ்வகையில் அடங்கும் என்று கேட்டறிவது நல்லது. தைராய்டு முடிச்சுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரையே புற்றுநோயாக அமைகின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை மெல்ல வளர்பவை, முறையான சிகிச்சையால் குணமாகக்கூடியவை.

மூன்றாவது கேள்விக்கு நோயாளியே பாதி விடை தருவார். படுக்கையில் மூச்சுத் திணறல், விழுங்கும்போது தடை, குரல் கம்முதல், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினால் முகம் சிவந்து வீங்குதல் ஆகியவை நெருக்கத்தின் அறிகுறிகள். கழலை மார்பெலும்பின் பின்னால் இறங்கியிருப்பின் வெளியே சிறிதாகத் தோன்றினாலும் உள்ளே பெரிதாக இருக்கலாம். இத்தகையோர்க்குக் கணினிக் கதிர்ப்படம் எடுத்து மூச்சுக்குழலின் குறுக்கத்தை அளப்பர்.

கத்தியின் வரலாறு

தமக்கையாரின் அச்சம் வீண் அச்சமன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை கழலை அறுவை சிகிச்சை பெரும்பாலும் சாவின் வாயிலாகவே இருந்தது. இரத்தப் பெருக்கும் சீழும் நோயாளிகளைக் கொண்டு சென்றன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடார் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் இந்நிலையை மாற்றினார். கிருமி நீக்கம், இரத்த நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டுதல், நிதானமான கைத்திறன் ஆகியவற்றால், 5000-க்கு மேற்பட்ட கழலை அறுவை சிகிச்சைகள் செய்த அவரிடம் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. 1909-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவரது பெருமைக்கு இணையானது அவரது நேர்மை. சுரப்பியை முழுவதும் அகற்றிய தம் பழைய நோயாளிகளை அவர் மீண்டும் அழைத்துப் பார்த்தார். அவர்களுள் பலர் உடல் ஊதி, அறிவு மந்தமாகி, குளிரால் நடுங்கிக்கொண்டிருந்தனர். தாம் செய்த சிகிச்சையே இதற்குக் காரணம் என்பதை 1883-இல் அவர் வெளிப்படையாக அறிவித்தார். தைராய்டு இன்றி மனிதன் நலமாக வாழ இயலாது என்பதை உலகம் உறுதியாக அறிந்துகொள்ள இது பேருதவி புரிந்தது. 1891-இல் இங்கிலாந்தின் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்து இத்தகைய குறைபாட்டைக் குணப்படுத்தினார். 1914-இல் கெண்டல் என்ற அமெரிக்க வேதியியலார் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இன்று அது சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது. நம் நாட்டின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இடம் பெற்றிருக்கிறது.

எப்போது அறுவை சிகிச்சை? எப்போது காத்திருத்தல்?

புற்றுநோய் உறுதிப்பட்டாலோ வலுவான ஐயம் இருந்தாலோ, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் நெருக்கப்பட்டாலோ, கழலை மார்பினுள் இறங்கிக்கொண்டிருந்தாலோ அறுவை சிகிச்சையே பொதுவாக ஏற்ற வழியாகும். சுரப்பு மிகைப்பட்ட கழலைக்கு மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என்னும் மூன்று வழிகள் உண்டு. கதிரியக்க அயோடின் கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் ஆகாது.

சிறிய கழலை, சரியான சுரப்பு, தீங்கற்றது எனக் காட்டிய ஊசிச் சோதனை, நெருக்கம் இன்மை ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால் காத்திருத்தலே தக்க சிகிச்சை. காத்திருத்தல் என்பது மறந்திருத்தல் அன்று. ஓராண்டு அல்லது ஈராண்டிற்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிட வேண்டும். சுரப்பு சரியாக உள்ளவர்க்குத் தைராக்சின் கொடுத்துக் கழலையைச் சுருக்கும் முந்தைய வழக்கம், அது இதயத்திற்கும் எலும்பிற்கும் விளைக்கும் கேட்டினால் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது.

தோற்றத்திற்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள விரும்புவோரும் உளர். அவர்களை எள்ளுதல் தகாது. நாற்பது ஆண்டுகள் தலைப்பால் கழுத்தை மறைத்து வாழ்ந்தவரின் துயரத்தை எந்தப் பரிசோதனைக் கருவியும் அளந்து காட்டாது. ஆயினும் பெறும் நலனையும் ஏற்கும் இடரையும் அவர்கள் எதிரெதிரே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இழப்பும் ஈடும்

இடர்கள் மூன்று. சுரப்பியின் பின்னால், இருபுறமும், குரல் நாண்களை இயக்கும் நரம்பு செல்கிறது. அது காயமுற்றால் குரல் கரகரக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சீராவதே பெரும்பான்மை. அனுபவம் மிக்க கைகளில் நிரந்தரக் கேடு நூற்றுக்கு ஓரிருவருக்கே நேர்கிறது. உரத்த குரலை ஆளும் மெல்லிய கிளை நரம்பு ஒன்றும் உண்டு. பாடகருக்கும் ஆசிரியருக்கும் சந்தையில் கூவி விற்பவருக்கும் அது முக்கியம். தம் தொழில் யாது என்பதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல் நோயாளியின் கடமை. அறுவைக்கு முன்னர் குரல் நாண்களைப் பார்த்துக் குறித்து வைத்தல் மருத்துவமனையின் கடமை.

இரண்டாவது, சுரப்பியோடு ஒட்டியிருக்கும் பாராதைராய்டு என்னும் பருப்பளவான நான்கு சிறு சுரப்பிகள். அவை அதிர்ச்சியுற்றால் இரத்தத்தில் கால்சியம் குறைந்து, விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊர்வது போன்ற உணர்வு தோன்றும், தசைகள் இழுக்கும். கால்சியம் மாத்திரைகளால் இது பெரும்பாலும் சில வாரங்களில் சீராகும். சிலருக்கு மட்டும் நிலைத்துவிடும். மூன்றாவது, முதல் நாளில் கழுத்தினுள் இரத்தம் கசிந்து தேங்குதல். இது அரிது, ஆயினும் உடனே கவனிக்கப்பட வேண்டியது. அறுவை முடிந்த முதல் நாள் மருத்துவமனையில் தங்கச் சொல்வது இதற்காகவே.

சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் அகற்றினால், எஞ்சிய பாதியே பலருக்குப் போதும். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மாத்திரை தேவைப்படலாம். முழுவதும் அகற்றினால் ஆயுள் முழுதும் மாத்திரை தேவை. காலையில் வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியோ உணவோ கொள்ளாதிருத்தல் வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி உண்ண வேண்டும். அளவை மாற்றினால் ஆறு வாரங்களுக்குப் பின் இரத்தச் சோதனை தேவை. மாத்திரையின் விலை சிறிது. ஆனால் ஒரு நாளும் தவறாத ஒழுங்கு பெரிது. வேலைக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் கூலித் தொழிலாளிக்கு அவ்வொழுங்கு எளிதன்று என்பதையும் சேர்த்தே மருத்துவர் எண்ண வேண்டும்.

நால்வர் கூடிய முடிவு

அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, காக்ஸ் டவுனிலிருந்து தொலைவில் இல்லை. மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கினையும் உடையது என்று அப்பெருந்தகை வகுத்தார். இந்நால்வகையில் ஒன்று குறைந்தாலும் முடிவு பிழைபடும். மருத்துவர் மட்டும் முடிவு செய்தால் அது ஆணையாகிவிடும். உறவினர் மட்டும் முடிவு செய்தால் அது அச்சமோ அவசரமோ ஆகிவிடும்.

காக்ஸ் டவுன் பெண்மணியின் நிலைக்குத் திரும்புவோம். அவருடைய சோதனைகள் இவ்வாறு அமைந்தன எனக் கொள்வோம்: சுரப்பு சரி, ஊசிச் சோதனையில் தீங்கற்ற முடிச்சுகள், கதிர்ப்படத்தில் மூச்சுக்குழல் ஒருபுறம் தள்ளப்பட்டுக் குறுகியிருக்கிறது. புற்றுநோய் இல்லை என்பதால் அவசரம் இல்லை. மூச்சுக்குழல் குறுகியிருப்பதால் காலவரையின்றித் தள்ளிப்போடவும் இயலாது. ஆகவே அவருக்கு அறுவை சிகிச்சை பொருத்தமானது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கச் சில வாரங்கள் அவருக்கு உண்டு.

அவ்வாரங்களில் அவர் கேட்கத்தக்க கேள்விகள் சில: இம்மருத்துவர் ஓராண்டில் எத்தனை தைராய்டு அறுவைகள் செய்கிறார்? பாதியா, முழுவதுமா, ஏன்? குரல் நாண்களை முன்னும் பின்னும் பார்ப்பார்களா? அறுவைக்குப் பிறகு எத்தனை நாள் கடையை மூட வேண்டும்? காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்குமா? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லும் மருத்துவமனையே தக்க மருத்துவமனை. நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கெனத் தனித் துறை கொண்ட வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் தென்னாட்டில் உள்ளன. கேட்டறிந்து தெளிந்த பின்னர் அவர் இசைந்தால், அது மகனுக்காகச் செய்ததும் ஆகாது. தமக்கையை மீறிச் செய்ததும் ஆகாது. தம் மூச்சிற்காகத் தாமே எடுத்த முடிவாகும். தமக்கையாருக்கும் இங்கு ஓர் இடம் உண்டு. விரல் நுனி ஊர்கிறதா, கழுத்து வீங்குகிறதா என்று முதல் இரவில் கவனிக்க, அஞ்சுபவரைவிட விழிப்பான துணை வேறு யார்?

அலுவலரின் பொறுப்பு

தனியொருவரின் கழுத்தில் தொடங்கிய இச்செய்தி நாட்டின் திட்டத்தில் முடிகிறது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆராயப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 94.3 வீடுகளில் அயோடின் கலந்த உப்பு இருந்தது. இது பெருமைக்குரியது. ஆனால் போதிய அளவில் அயோடின் உள்ளதா என்று 2018-19-இல் நடந்த நாடு தழுவிய மற்றொரு ஆய்வு பார்த்தபோது, அந்த அளவை எட்டிய வீடுகள் நூற்றுக்கு 76.3 மட்டுமே. உப்பு விளையும் கடற்கரையை நெடுகக் கொண்ட தமிழ்நாடு, 61.9 என்ற அளவில் கடைசியில் நின்றது. உப்பளத்திற்கு அருகில் வாழ்வோரே அயோடின் குறைந்த உப்பை உண்ணுகின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. கல்லுப்பின்மேல் உள்ள விருப்பம் இதற்கு ஒரு காரணம். கல்லுப்பைக் கழுவினால் மேலே படிந்த அயோடின் நீரோடு போய்விடும். மூடியில்லாப் பாத்திரத்திலும் அடுப்பங்கரை ஈரத்திலும் வைத்தால் அது நாளடைவில் குறையும். உப்பில் ஒரு சொட்டுச் சோதனை நீரை விட்டால் நீல நிறம் தோன்றும். பள்ளி மாணவரும் செய்யக்கூடிய இச்சோதனையை ஊர்தோறும் நடத்துதல் அரிய செயலன்று.

அதே வேளையில், உப்புத் திட்டம் வருவதற்கு முன் பிறந்து, கழலையோடு முதுமையை நோக்கி நடப்பவர்களை எந்தப் புள்ளிவிவரமும் தனியே குறிப்பதில்லை. பள்ளிச் சிறுவர்களின் கழுத்தையே ஆய்வுகள் தடவிப் பார்க்கின்றன. வருங்காலத்தைக் காட்டுவது அதுவே என்பதால் அது முறையே. ஆனால் தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்துவிட்ட தாய்மார்களின் கழுத்தையும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒருமுறை நோக்குதல் வேண்டும். டி.எஸ்.எச். சோதனை, ஊசிச் சோதனை, குறைந்த விலையில் தடையின்றித் தைராக்சின் ஆகிய மூன்றும் எட்டும் தொலைவில் இருந்தால், அவர்கள் எடுக்கும் முடிவு அறிவின் வழிப்பட்டதாக அமையும்.

காக்ஸ் டவுன் சந்தையில் பாட்டியின் அருகே அமர்ந்திருக்கும் பேத்தியின் கழுத்தில் வீக்கம் இல்லை. நாட்டின் திட்டம் அவளுக்கு உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. பாட்டிக்கு அது தாமதமாக வந்தது. தாமதமாக வந்தவர்களுக்குத் தெளிந்த ஆலோசனையையும் பாதுகாப்பான சிகிச்சையையும் அளிப்பது, அத்திட்டத்தின் எஞ்சிய கடமையாகும்.